மறு: பொட்டுலிசம் – ‘நச்சுவாதம்’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு கிருமி சுரக்கும் நஞ்சால் தசைகள் தளர்ந்து செயலிழக்கும் நோய் பொட்டுலிசம் (botulism). அதற்குத் தமிழ்ச் சொல்லாக இந்த இழையில் வந்த ‘உணவு நஞ்சேற்றம்’ எனக்குச் சரியாகப் படவில்லை. கெட்டுப்போன பிரியாணி சாப்பிட்டு வாந்தி, பேதி என்று வருபவருக்கும் அதைத்தான் சொல்கிறோம். பொட்டுலிசம் வயிற்றைவிடக் கண்ணில்தான் தன்னைக் காட்டும். பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரியும், இமை தொங்கும், வாய் வறளும், நாக்குக் குழறும், விழுங்க முடியாது. அப்புறம் கழுத்து, கை, மூச்சுத்தசை, கால் என்று தளர்ச்சி கீழே இறங்கும். காய்ச்சல் இருக்காது, நினைவும் தப்பாது. கண் திறக்காமல் கிடப்பவர், நாம் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். வார்டில் இருப்பவர்கள் இதை அறிந்தே ஆக வேண்டும்.

‘தொத்திறைச்சி நஞ்சு’ என்ற சொல், தொத்திறைச்சியை (sausage) குறிக்கும் லத்தீன் வேரை ஒட்டியது. 1820களில் ஜெர்மனியில் யுஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர் ஆராய்ந்த நோய் தொத்திறைச்சியால் வந்ததுதான். ஆனால் தொத்திறைச்சியால் மட்டும் இது வருவதில்லை. 1895இல் பெல்ஜியத்தின் எல்லெசெல் ஊரில் இசைக்குழுவினரை வீழ்த்தியது பன்றித்தொடை இறைச்சி. 2015 ஏப்ரலில் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் நடந்த தேவாலய விருந்தில் உருளைக்கிழங்கு சாலட். சாப்பிட வந்த 77 பேரில் 29 பேருக்கு நோய் கண்டது, ஒருவர் இறந்தார். கிழங்கை வீட்டில் புட்டியில் அடைத்தவர் அழுத்தக் கலத்தில் வேகவைக்காமல் கொதிநீரில் மட்டும் வைத்திருந்தார். கொதிநீரில் இந்தக் கிருமியின் வித்து (spore) சாகாது, 121 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். தப்பிய வித்து, காற்றும் புளிப்பும் இல்லாத புட்டிக்குள் முளைத்து நஞ்சைச் சுரக்கும். எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைத்த பூண்டிலும் இதே ஆபத்து உண்டு.

என் பரிந்துரை ‘நச்சுவாதம்’. பக்கவாதம், இளம்பிள்ளைவாதம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு, இது உடம்பைச் செயலிழக்கச் செய்யும் நோய் என்று உடனே புரியும். உணவுவழி நச்சுவாதம், புண்வழி நச்சுவாதம், தேன் கொடுத்த கைக்குழந்தைக்கு வருவது மழலை நச்சுவாதம் என்று பிரிக்கவும் வசதி.

கட்டுவிரியன் கடித்தாலும் இமை தொங்குமே, அதுவும் நச்சுவாதம்தானே என்று இங்குள்ள மருத்துவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மருத்துவக் குறிப்பில் ‘பொட்டுலின நச்சுவாதம்’ என்று முழுதாக எழுதிவிடலாம். ‘கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம்’ என்ற கிருமியின் பெயர் அப்படியே இருக்கட்டும்.

இந்த நஞ்சுக்கு எதிராகப் போடும் ஆன்டிடாக்சின் (antitoxin) மருந்துக்கு மட்டும் ‘நஞ்சுமுறி’ என்ற சொல் வேண்டாம். அந்த மருந்து ரத்தத்தில் சுற்றும் நஞ்சைத்தான் பிடிக்கும், நரம்பில் ஏறியதை மீட்காது. ஊசி போட்ட பிறகும் நோயாளி வாரக்கணக்கில் வென்டிலேட்டரில் இருக்க நேரும். ‘முறி’ என்று கேட்ட உறவினர், மறுநாளே எழுந்துவிடுவார் என்று நம்பிவிடுவார். ‘நச்செதிர்ப்பி’ சரிவருமா? கருத்துச் சொல்லுங்கள்.