கலைச்சொல் தேவை: வண்டியில் வைக்கும் இரண்டாவது பேட்டரி

தொழிற்பயிற்சி ஆசிரியர், திருச்சி:

அனைவருக்கும் வணக்கம். மோட்டார் மெக்கானிக் மாணவர்களுக்கு ஒரு குறிப்பேடு எழுதுகிறேன். நடமாடும் மருத்துவ வண்டியில் மருந்துக் குளிர்பெட்டிக்கும் விளக்குகளுக்கும் தனியாக ஒரு பேட்டரி பொருத்துவது எப்படி என்பதுதான் பாடம். திங்களன்று அச்சுக்குப் போகவேண்டும்.

'துணை மின்கலம்' என்று போடலாமா என வகுப்பில் கேட்டேன். ஒரு பையன் எழுந்து, "சார், சார்ஜ் ஏத்துற பேட்டரி எல்லாமே துணை மின்கலம்தானே? அப்ப வண்டியில ஏற்கெனவே இருக்கிறது என்ன?" என்றான். பள்ளிப் பாடநூலில் அப்படித்தான் இருக்கிறது. தீர்ந்தால் எறிவது முதன்மை மின்கலம், மறுபடி மின்னேற்றலாம் என்றால் துணை மின்கலம். ஆகவே அந்தச் சொல் ஏற்கெனவே குடியேறிவிட்டது.

இரண்டு சொல் வேண்டும். ஒன்று, இந்த இரண்டாவது பேட்டரிக்கு. இன்னொன்று, இரண்டு பேட்டரிக்கும் நடுவே வைத்து, வேண்டாதபோது அவற்றைப் பிரித்துவைக்கும் ஐசொலேட்டருக்கு.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்:

பாடநூல்காரர்கள் செய்த குழப்பத்துக்குத் தமிழ் என்ன செய்யும்? 'கலம்' என்ற சொல்லிலேயே விடை இருக்கிறது. முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியது யவனர் கலம். இறக்கி ஏற்றுவதுதான் கலம். எனவே மின்னேற்றம் என்பது அச்சொல்லுக்குள்ளேயே அடங்கிவிட்டது. முதன்மை, துணை என்று பிரித்ததே மிகை. குயவனைப் பார்த்துக் 'கலம்செய் கோவே' என்று புறநானூற்றுப் பெண் அழுததையும் நினைத்துப் பாருங்கள். அங்கே கலம் தாழி...

என் பரிந்துரை: இணைக்கலம். வல்லினம் மிகும், மறக்கவேண்டாம்.

பொறியாளர், யாழ்ப்பாணம்:

ஐயா, தாழி வரைக்கும் போய்விட்டீர்கள், வண்டி இன்னும் பட்டறையில்தான் நிற்கிறது. எங்கள் பாடநூல்களில் மின்கலம் என்றால் ஒற்றைக் கலம். 12 வோல்ட் ஈய பற்றரிக்குள்ளே ஆறு கலம் தொடராக இருக்கிறது. அதனால் அது மின்கலவடுக்கு. வோல்ட்டா 1800இல் செய்து காட்டியதும் வெள்ளித் தட்டும் துத்தநாகத் தட்டும் மாறிமாறி வைத்த அடுக்குத்தானே. கலத்தையும் அடுக்கையும் ஒன்றாக்கினால், ஒரு கலம் பழுதான பற்றரியை மாணவருக்கு எப்படி விளக்குவீர்கள்?

பட்டறைக்காரர், கோயம்புத்தூர்:

பேர் எது வேண்டுமானாலும் வையுங்கள். ஃப்யூஸ் எங்கே என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். இரண்டு பேட்டரியையும் இணைக்கும் ஒயருக்கு இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் ஃப்யூஸ் போட்டால், நடுவில் ஒயர் தகரத்தில் உரசி எர்த் ஆகும்போது மறுபக்கத்து பேட்டரி கரண்டை ஊட்டிக்கொண்டே இருக்கும். ஒயர் பழுத்துவிடும். எனவே இரண்டு முனையிலும், டெர்மினலிலிருந்து ஒரு சாணுக்குள். தகரத்தைத் துளைத்த இடத்தில் ரப்பர் புஷ்.

100 ஆம்பியர்-அவர் ஈய பேட்டரி 25, 30 கிலோ வரும். பிரேக் அடித்தால் ஆள் மேல் பாயும். தட்டு வைத்து, மேலே இரும்புக் கிளாம்ப் போட்டு, போல்ட்டைத் தரைக்குக் கீழே இறக்கி முடுக்க வேண்டும். கயிறு, பெல்ட் எல்லாம் ஆகாது. ஆசிட் பேட்டரியை ஆள் உட்காரும் பகுதியில் சும்மா வைக்கவே கூடாது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே ஒரு பொறி போதும். மூடிய பெட்டி, அதிலிருந்து வெளியே ஒரு குழாய். ஏஜிஎம் (ஆசிட் கண்ணாடியிழைப் பாயில் ஊறியிருக்கும் மூடிய பேட்டரி) ஆனாலும் கொஞ்சம் காற்றோட்டம் வேண்டும்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

'உருகி' என்ற அருமையான சொல் இருக்க, தம்பி ஃப்யூஸ் என்கிறாரே.

பட்டறைக்காரர்:

உருகி நல்ல சொல்தான் ஐயா. எழுதுங்கள், பையனுக்கு வேலையே விளங்கிவிடும். கடையில் மட்டும் ஃப்யூஸ் என்று கேட்கச் சொல்லுங்கள்.

மின்பொறியாளர், சென்னை:

ஐயா, இணைக்கலம் வேண்டவே வேண்டாம். சந்தியில் பிழையில்லை, வயரிங்கில் வரும். 'இணை' என்று கேட்டதும் பையன்களுக்குப் பக்க இணைப்புதான் நினைவுக்கு வரும். நேர்முனையையும் நேர்முனையையும் ஒரேயடியாக முடுக்கிவிடுவார்கள். இரவு முழுக்கக் குளிர்பெட்டி ஓடினால் இரண்டு பேட்டரியும் சேர்ந்து இறங்கி, காலையில் செல்ஃப் எடுக்காது. நடுவில் ஐசொலேட்டராக ரிலே, அதாவது தானாகச் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்ச், வைப்பதே இதைத் தவிர்க்கத்தான். இஞ்சின் ஓடி மின்னழுத்தம் ஏறத்தாழ 13.3 வோல்ட்டைத் தொட்டதும் இரண்டையும் சேர்க்கும், 12.8 வாக்கில் இறங்கினால் பிரித்துவிடும். வண்டி நிற்கும் நேரமெல்லாம் பிரிந்தே கிடப்பதற்கு இணை என்று பேர் வைப்பது விபத்துக்குத் தாம்பூலம் வைப்பது.

ஐசொலேட்டருக்கு 'மின்காப்பி' என்று தனிமடலில் ஒருவர் சொன்னார். அது இன்சுலேட்டர், மின்சாரத்தைக் கடத்தாத பொருள். 'பிரிப்பான்' பரவாயில்லை, ஆனால் கையால் திருப்பும் சுவிட்சும் பிரிப்பான்தான். 'தானியங்கிப் பிரிப்பான்' என்றால் தெளிவு.

லித்தியம் வைப்பவர்களுக்கு ரிலே மட்டும் போதாது என்று தனிப்பெட்டியில் போடுங்கள். அதன் உள்தடை குறைவு. இஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து அளவில்லாமல் இழுத்து அதைச் சூடேற்றிவிடும். மின்னோட்டத்தை அளவோடு விடும் டிசி-டிசி சார்ஜர் தேவை.

பொறியாளர், யாழ்ப்பாணம்:

'எர்த்' என்று மேலே ஒருவர் எழுதினார். நாலு இறப்பர் சில்லில் நிற்கிற வண்டிக்குப் புவித்தொடுப்பு எங்கே இருக்கிறது? அது அடிச்சட்டத்தோடு சேர்ந்த எதிர்முனை. இதற்கும் ஒரு சொல் பார்க்கலாமே.

மின்பொறியாளர், சென்னை:

பார்க்கலாம், தனி இழையில். இங்கே தொடங்கினால் திங்கள் போய் அடுத்த திங்கள் வந்துவிடும்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

இணைக்கலத்தைத் திரும்பப் பெறுகிறேன். 'தொடக்கக் கலம்', 'பயன்கலம்' என்று இரண்டையும் வேலையால் பிரித்தால் என்ன? வண்டியைக் கிளப்புவது ஒன்று, பயன்பாட்டுக்கு ஒன்று.

தொழிற்பயிற்சி ஆசிரியர், திருச்சி:

ஐயா, இது எனக்கும் பிடித்தது. வேலையைச் சொல்கிற பேர். மாணவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். தொடக்கக் கலம் உடனே புரிந்தது. பயன்கலம் என்றதும், "அப்ப இன்னொண்ணு பயனில்லாததா சார்?" என்றார்கள்.

நேரமில்லை. பெரும்பாலோர் 'எதையாவது போடுங்கள்' என்ற நிலைக்கு வந்துவிட்டதால் இப்படி முடிக்கிறேன்: படத்தில் 'தொடக்க பேட்டரி', 'இரண்டாம் பேட்டரி'. நடுவில் 'தானியங்கிப் பிரிப்பான்', பக்கத்தில் ரிலே என்றும் இருக்கும். ஃப்யூஸ் எல்லா இடத்திலும் உருகி. கடைச்சீட்டில் மட்டும் ஃப்யூஸ். ஃப்யூஸ் வைக்கும் இடத்தையும் கிளாம்ப் படத்தையும் முதல் பக்கத்துக்கு மாற்றிவிட்டேன்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

பேட்டரி என்பதே பீரங்கி வரிசைக்கு வைத்த பேர். வெடிக்கும் என்று எச்சரிக்கிற ஏட்டில் அதையே தலைப்பில் வைக்கிறீர்கள். என் மறுப்பைப் பதிவுசெய்துகொள்ளுங்கள்.

பொறியாளர், யாழ்ப்பாணம்:

எனதையும். நாங்கள் இங்கே மின்கலவடுக்கு என்றே போடுகிறோம். உங்கள் படங்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா?