செவுளும் நீலத் தோலும் இருந்தால் கடல் இனம் ஆகிவிடுமா?

மண்டபம் வாசி:
வணக்கம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைக் களமாக வைத்து ஒரு மிகுபுனைவு நாவல் எழுதி வருகிறேன். மனிதரைப் போன்ற, ஆனால் மனிதரல்லாத ஒரு கடல் இனம் அதில் வருகிறது. நீலத் தோல், விரலிடைச் சவ்வு, கழுத்தில் செவுள் என்று எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தால், அவர்கள் வேடம் கட்டிய மனிதர்களாகவே தெரிகிறார்கள். எங்கிருந்து தொடங்கினால் இந்த இனத்திற்குத் தனி உயிர் வரும்?

தொண்டிக் கரை:
முதலில் அந்தச் செவுளை எடுத்துவிடுங்கள். ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 210 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது. வெதுவெதுப்பான கடல்நீரில் சுமார் 5 மில்லிலிட்டர்தான் கரைந்திருக்கும். வெப்ப இரத்தமும் பெரிய மூளையும் உள்ள உடலுக்குக் கழுத்தோரச் செவுள் ஒருபோதும் போதாது. அதைவிட முக்கியமாக, செவுள் வந்ததும் கடல் அவர்களுக்குச் சிரமமே தராத இடமாகிவிடுகிறது.

நம் பாக் நீரிணையில் கடற்புல் மேயும் ஆவுளியா என்ற கடற்பசுவைப் பாருங்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது மூச்சுக்காக மேலே வந்தே தீர வேண்டும். உங்கள் இனமும் அப்படியே இருக்கட்டும். அப்போது நீருக்கடியில் கைச்சாடையும், மேலே வந்த அந்தச் சில நொடிகளுக்கு மட்டும் வாய்ப்பேச்சும் என இரண்டு மொழிகள் தாமாகவே பிறக்கும். உறங்கும் குழந்தையை யார் மேலே தூக்கி வருவது என்பதிலிருந்து உறவுமுறை உருவாகும். மூச்சுக்கு மேலே வந்தவரைத் தாக்குவது அவர்களிடையே பெரும்பழியாக இருக்கும். இவற்றையெல்லாம் நீலத் தோல் தராது.

பாம்பன் மகள்:
என் அம்மா பாசி எடுக்கப் போகிறவர். போவதற்கு முன் விரல் ஒவ்வொன்றிலும் கிழிந்த துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டுவார். இல்லாவிட்டால் கடலடிப் பாறைத் திட்டான பாரில் உள்ள கல் தோலைக் கிழித்துவிடும். மாலையில் துணியை அவிழ்க்கும்போது விரல்நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருக்கும். உங்கள் இனத்திற்குக் கல் கிழிக்காத தடித்த விரல்களைக் கொடுங்கள் அண்ணா, ஆனால் அதே விரல்களால் வலைமுடிச்சுப் போடவோ பிள்ளையின் நெற்றிச் சூட்டைத் தொட்டறியவோ முடியாமல் போகட்டும். பெற்ற ஒன்றுக்காக அவர்கள் எதை இழந்தார்கள் என்பதில்தான் எனக்கு அவர்கள்மேல் பற்று வரும்.

இங்கே வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல் என்று சொல்வோம். வாடைக்காலத்தில் வடகடல் கொந்தளிக்கும்போது தென்கடல் அடங்கியிருக்கும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும்போது நிலைமை மாறிவிடும். ஆண்டுக்கு இருமுறை கடல் மாறும் மக்களுக்குச் சொந்த ஊர் என்பதற்கு என்ன பொருள் இருக்கும் என்று யோசியுங்கள். ஒரு வேண்டுகோளும் உண்டு: இந்தக் கரையில் வாழும் எந்தச் சமூகத்தையும் அப்படியே எடுத்து, ‘காட்டுமிராண்டிக் கடல் இனம்’ என்று பெயர் மாற்றி எழுதிவிடாதீர்கள். அதை வாசிக்கும் எங்களுக்கு வலிக்கும்.

தேவிபட்டினம்:
இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் 2003ஆம் ஆண்டு ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமே உள்ள ஒரு மனித இனத்தின் எலும்புகள் கிடைத்தன. தீவில் அடைபட்ட வாழ்க்கையே அவர்களது உடலைச் சுருக்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. உங்கள் 21 தீவுகளும் தம் மக்களை எப்படி மாற்றின என்பதையும் எழுதலாமே.

மண்டபம் வாசி:
மூவருக்கும் நன்றி. செவுளை நீக்கிவிட்டு நேற்றிரவு முதல் அத்தியாயத்தைத் திருத்தி எழுதினேன். இப்போது அவர்கள் பொழுதை நாழிகையால் அளப்பதில்லை, மூச்சால் எண்ணுகிறார்கள். ‘நாற்பது மூச்சுத் தொலைவு’ என்று ஒரு கிழவி தன் பேத்திக்கு வழி சொல்கிறாள். தங்கை, உங்கள் வேண்டுகோளை மனத்தில் வைத்திருக்கிறேன். அத்தியாயம் முடிந்ததும் முதலில் உங்களுக்கே அனுப்புகிறேன்.