புதுப்பிப்பு: மின்சாரக் கார் ஸ்டார்ட் வராமல் நிண்ட கதை

போன மாதம் எழுதினது ஞாபகமிருக்கும். எங்கட பழைய ஜப்பான் மின்சாரக் காரில கண்டபடி எச்சரிக்கை விளக்குகள் எரிஞ்சு, கடைசியில ஸ்டார்ட்டே வரேல்லை. "பெரிய பற்றரி முடிஞ்சுது, மாத்துங்கோ" எண்டு ஒரு கராஜில சொன்னவை. விலையைக் கேட்டே தலை சுத்தினது.

பிறகு கோண்டாவில்ல ஒரு தம்பி மீற்றரை வைச்சுப் பாத்தார். பழுது, 12 வோல்ட் சின்னப் பற்றரியில! காரின்ர கணினிகள் எல்லாம் அதை நம்பித்தான் முழிக்கும். அது இறங்கினால் அதுகளுக்குப் பேய் பிடிச்ச மாதிரித்தான். புதுசு போட்டாப்பிறகு ஒரு விளக்கும் எரியேல்லை. திரை இன்னும் ஜப்பான் மொழிதான் பேசுது, அது பழகிப்போச்சு.

காரை வீட்டில சார்ஜ் போட்டால் கரண்ட் பில் எப்பிடி எண்டு கேட்ட அண்ணைமாருக்கு: சாதாரண மீற்றரில அலகு கூடக்கூட விலையும் ஏறும், வீட்டுப் பில்லையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். நேரத்துக்கு நேரம் விலை மாறுற நேரவாரி மீற்றருக்கு மாறினால் இரவு 10.30இல இருந்து காலமை 5.30 வரைக்கும் மலிவு. டைமரை வைச்சிட்டுப் படுங்கோ. பின்னேரம் 6.30க்கும் 10.30க்கும் இடையில வயரைக் கொழுவவே வேண்டாம், அதுதான் ஆகக் கூடின விலை.

யாழ்ப்பாணத்தில இருந்து இந்தக் காரில வவுனியா போகலாமோ எண்டு கேட்டவைக்கு: 24 கிலோவாட் மணிப் பழைய பற்றரியோட, ஏசியும் போட்டு, ஒரே சார்ஜில ஏ9 வீதியில சரிவராது. இடையில கிளிநொச்சியில ஆரும் சொந்தக்காரர் இருந்தால், அங்க காரைச் சார்ஜில போட்டிட்டு இருக்க, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கோ.