மாதச் சவாரிக்கு ஏஏ ஜாக்கெட் கட்டாயமா?

அட்டன்_மலைவழி:
நண்பர்களே, நம் மோட்டார் சைக்கிள் குழுவின் மாதச் சவாரிக்கு ஒரு விதி வேண்டும். ஈ.என். 17092 தரத்தில் ஏஏ அல்லது அதற்கு மேலான லேபிள் உள்ள ஜாக்கெட்டும் காற்சட்டையும் இல்லாதவர்களை அட்டன், நுவரெலியா, வெலிமடைச் சுற்றுக்குச் சேர்க்கக் கூடாது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களின் பாதுகாப்பு உடுப்புக்கான இந்தத் தரம் 2020இல் ஐரோப்பாவில் வந்தது. ஏஏஏ, ஏஏ, ஏ, பி, சி என்று ஐந்து வகுப்புகள். துணியைச் சுழலும் இயந்திரத்தில் கட்டி, ஓடுகிற வேகத்திலேயே கொங்கிரீட் பலகை மேல் இறக்கி, ஓட்டை விழுகிறதா என்று பார்க்கிறார்கள். தோள், முழங்கை, முழங்கால் போல முதலில் உரசும் இடங்களில் ஏஏஏ உடுப்பு 120 கி.மீ. வேகத்தையும், ஏஏ 70ஐயும், ஏ 45ஐயும் தாங்க வேண்டும். காப்பட் போட்ட பிறகு நம் வீதிகளில் 60, 70 என்று போவது பழகிவிட்டது. 45க்குச் சோதித்த உடுப்பை நம்பி யாரையும் கூட்டிப்போக எனக்கு மனமில்லை.

வெலிமடை_மழை:
அண்ணன், நான் இதை எதிர்க்கிறேன். நேர்ச் சாலையில் 70 போகலாம், சரி. நம் ஆட்கள் விழுவது அங்கேயா? ரம்பொடையிலும் கினிகத்தேனையிலும் வளைவில்தானே, சேற்றிலோ சிந்திய டீசலிலோ டயர் வழுக்கி. அப்போது வேகம் 30, 35. வேகம் பாதியானால் சறுக்கும் தூரம் ஏறத்தாழ கால் பங்காகிவிடும். அதற்கு ஏ வகுப்புத் துணி போதும்.

அடி வேறு விஷயம். சீட் உயரத்திலிருந்து தோள் நிலத்தில் மோதும் வேகம் விழும் உயரத்தைப் பொறுத்தது. 30இல் போனாலும் 70இல் போனாலும் அந்த அடியில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே உள்ளே இருக்கும், அடியைத் தாங்கும் பேட்தான் நமக்கு முக்கியம். ஈ.என். 1621-1 சோதனையில் 50 ஜூல் அடி கொடுத்து, பேட்டைத் தாண்டி எவ்வளவு விசை வருகிறது என்று அளக்கிறார்கள். லெவல் 1 என்றால் சராசரி 35 கிலோநியூட்டன் வரை விடலாம், லெவல் 2 என்றால் 20 வரைதான். லெவல் 2 பேட் போட்ட ஏ ஜாக்கெட், லெவல் 1 பேட் போட்ட ஏஏ ஜாக்கெட்டைவிட நம் வளைவுகளுக்குப் பொருத்தம் என்பேன்.

வெயிலையும் பாருங்கள். எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும்போது கனத்த ஜாக்கெட்டைக் கழற்றிப் பின் சீட்டில் கட்டிவிடுகிறார்கள். கட்டிவைத்த ஏஏஏ யாரைக் காப்பாற்றும்? அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மோட்டோகேப் என்ற அமைப்பு கடையில் வாங்கிய உடுப்புகளைச் சோதித்து நட்சத்திரம் தருகிறது. உரசலோடு வெப்பத்துக்கும் தனியாக மதிப்பெண் உண்டு. அதை ஏன் நாம் பேசுவதில்லை?

பண்டாரவளை_தையல்:
ஆடைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் வேலை செய்கிறேன். நீங்கள் இருவரும் எழுத்துக்காக வாதாடுகிறீர்கள், அந்த எழுத்து எங்கே தைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கவில்லை.

கடையில் ஐரோப்பிய இணக்கக் குறியான சி.ஈ.யைக் காட்டி “சி.ஈ. ஜாக்கெட்” என்று விற்பதில் பலவற்றில் உள்ளே இருக்கும் பேட்டுக்கு மட்டும்தான் சான்று. பேட்டில் 1621 என்று இருக்கும். ஜாக்கெட்டின் உள் லேபிளில் 17092 இருக்காது. அந்தத் துணியும் தையலும் எதற்கும் சோதிக்கப்படாதவை. தரத்துக்குள்ளேயே சி வகுப்பு என்பது பேட்டைப் பிடித்துவைக்கும் உடுப்பு மட்டும், உரசலுக்கு அல்ல. பி வகுப்பு ஏ மாதிரி உரசலைத் தாங்கும், ஆனால் பேட் இல்லை. எழுத்தை மட்டும் கேட்டு வாங்கும் பையன் இதில் எதை வாங்கினான் என்றே அறியமாட்டான்.

முதுகு இன்னும் மோசம். எந்த வகுப்பிலும் முதுகுப் பேட் கட்டாயமில்லை. ஜாக்கெட்டின் முதுகுப்பக்க உள்பையைத் திறந்தால் வெறும் ஸ்பொஞ்ச் தகடு. அதை அழுத்திப் பார்த்து நிம்மதியாகப் போகிறார்கள், எனக்கு நெஞ்சு பதறுகிறது. தையலையும் தனியாகச் சோதிக்கிறார்கள். துணி நன்றாக இருந்தும் ஒற்றைத் தையல் பிரிந்தால் உள்ளே இருக்கும் பேட் நகர்ந்துவிடும்.

அட்டன்_மலைவழி:
தங்கச்சி சொன்னதுதான் என் பக்கத்து நியாயமும். ஏஏ என்றால் இடுப்புப் பேட் கட்டாயம், ஏ என்றால் இல்லை. சரிந்து விழுபவன் முதலில் இடுப்பில்தான் விழுகிறான். 2011இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வு ஒன்று விபத்தில் சிக்கிய 212 ஓட்டுநர்களைப் பார்த்தது. மோட்டார் சைக்கிள் ஜாக்கெட் என்று போட்டிருந்தவற்றிலேயே ஏறத்தாழ 30 வீதம் விபத்தில் தாக்குப்பிடிக்கவில்லை. பெயரை நம்பி வாங்கினால் இதுதான் நடக்கும். விதி கண்டிப்பாக இருந்தால்தான் ஆட்கள் லேபிளைத் திருப்பிப் பார்ப்பார்கள்.

வெலிமடை_மழை:
அதே ஆய்வின் மறுபாதியையும் சொல்லுங்கள் அண்ணன். காற்சட்டை போட்டவர்கள் மருத்துவமனையில் அனுமதிக்கப்படும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியானது. கையுறை போட்டவர்களுக்கு அதைவிடவும் குறைவு. ஜாக்கெட்டில் கிடைத்த நன்மை அவ்வளவு இல்லை. உங்கள் விதியில் கையுறையே இல்லையே! அதற்கு ஈ.என். 13594 இருக்கிறது, சப்பாத்துக்கு 13634 இருக்கிறது.

அப்புறம் பணம். தோட்டத்திலிருந்து வரும் தம்பிமார் பைக்கையே லீசிங்கில் எடுத்து மாதா மாதம் கட்டுகிறார்கள். ஏஏ செட் இல்லை என்று நீங்கள் திருப்பி அனுப்பினால் அவன் வீட்டில் இருக்கப் போவதில்லை. டீசேர்ட்டும் செருப்புமாகத் தனியே போவான். நம்மோடு வந்தால் ஒரு கையுறையாவது போட வைக்கலாம்.

கம்பளை_ராசா:
இருவருக்கும் ஒரு விஷயம். சி.ஈ. குறிக்குப் பக்கத்தில் நாலு இலக்கம் இல்லாவிட்டால் போலி என்று இங்கே சிலர் பரப்புகிறார்கள். தவறு. ஐரோப்பிய விதிப்படி இந்த உடுப்புகள் இரண்டாம் வகைப் பாதுகாப்புச் சாதனங்கள். குறியோடு நாலு இலக்கம் வருவது மூன்றாம் வகைக்கு. நல்ல பொருளை இதற்காக ஒதுக்காதீர்கள். 2018 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒழுங்குவிதி 2016/425இன்படி, தயாரிப்பாளர் இணக்கப் பிரகடனத்தைப் பொருளோடு தர வேண்டும், அல்லது அது கிடைக்கும் இணைய முகவரியைக் கொடுக்க வேண்டும். கடைக்காரரிடம் அதைக் கேளுங்கள்.

நுவரெலியா ஜனவரிக் குளிரில் சில மென்மையான பேட்கள் இறுகிவிடும். பேட்டில் டி (T) எழுத்தும் கழித்தல் குறியும் இருந்தால் -10 பாகையிலும் சோதித்திருக்கிறார்கள். அதையும் பார்த்து வாங்குங்கள் பிள்ளைகளே. ஹெல்மெட்டுக்கு இலங்கைத் தரமான எஸ்.எல்.எஸ். 517 பார்க்கும் கண் ஜாக்கெட்டுக்கும் வேண்டும்.

அட்டன்_மலைவழி:
கையுறையைச் சேர்க்கிறேன், அதில் தம்பியோடு எனக்குச் சண்டை இல்லை. தோட்டத்துத் தம்பிமாருக்குக் குழுப் பணத்தில் கடன் கொடுக்கவும் தயார். ஏ வகுப்புக்கு மட்டும் இறங்கமாட்டேன். வளைவில் விழுபவன் எப்போதும் 35இல்தான் விழுவான் என்று யாரும் எழுதித் தர முடியாது. இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போன பைக்கை நான் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன்.

பண்டாரவளை_தையல்:
வாக்கெடுப்பை எப்போது வேண்டுமானாலும் வையுங்கள். காசு கட்டுவதற்கு முன் எல்லாரும் இரண்டு படம் அனுப்புங்கள்: ஜாக்கெட்டின் உள் லேபிள், பேட்டைப் பையிலிருந்து வெளியே எடுத்து அதன் மேலுள்ள அச்சு. தோளுக்கு எஸ், முழங்கைக்கு ஈ, முழங்காலுக்கு கே, இடுப்புக்கு எச், முதுகுக்கு பி என்று ஆங்கில எழுத்து இருக்கும், லெவல் எண்ணும் இருக்கும். நான் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன்.

வெலிமடை_மழை:
இன்றிரவே அனுப்புகிறேன் அக்கா. என் ஜாக்கெட்டின் முதுகுப்பக்க உள்பையில் இருப்பது அந்த ஸ்பொஞ்சா என்று முதலில் சொல்லுங்கள். ஏஏ விதிக்கு என் வாக்கு இல்லை, அண்ணன் அதைக் குறித்துக்கொள்ளட்டும்.