ரேஞ்சியைத் தூக்கிவிடலாமா, வைத்துக்கொள்ளலாமா?

மஞ்சள்கோடு:
பழைய தமிழ் நூல்களை வாசித்துக் குறிப்பெழுதும் தளம் ஒன்றைப் பராமரிக்கிறேன். வாசகர் ஒரு வரியைச் செலக்ட் செய்தால் மஞ்சளடிக்க வேண்டும், அடுத்த முறை வரும்போது அது அங்கேயே இருக்க வேண்டும். (தேர்வு என்று எழுதினால் பரீட்சை ஞாபகம் வருகிறது, செலக்ஷன் என்றே எழுதுகிறேன்.) பத்து வருடத்துக்கு முன் எழுதிய கோட், உள்ளே ரேஞ்சி (Rangy) லைப்ரரி, பிரவுசருக்குப் பிரவுசர் மாறும் செலக்ஷன் வேலையை ஒரே மாதிரி ஆக்கித் தரும் தயார் கோட். எடுத்துவிடலாம் என்பது என் கட்சி. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8 வரை, எது செலக்ட் ஆகியிருக்கிறது என்று கேட்கும் கெட்செலக்ஷன் கட்டளை கிடையாது, டெக்ஸ்ட்ரேஞ்ச் என்று தனி வழி. அந்தப் பள்ளத்தை மூடத்தான் முக்கியமாக ரேஞ்சி தேவைப்பட்டது. 2011இல் பதிப்பு 9 வந்ததுமே பள்ளம் மூடிவிட்டது. 2022இல் அந்த பிரவுசருக்கே மைக்ரோசாஃப்ட் விடைகொடுத்துவிட்டது. கல்யாணம் முடிந்து பல மாதம் ஆச்சு, பந்தலை இன்னும் பிரிக்கவில்லை.

பழையகணக்கு:
பந்தல் எக்ஸ்ப்ளோரருக்கு மட்டும் போட்டதல்ல. ஃபயர்பாக்ஸில் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு இரண்டு இடத்தில் இழுத்துப் பாருங்கள், ஒரே செலக்ஷனில் இரண்டு ரேஞ்ச், அதாவது தொடக்கமும் முடிவும் கொண்ட இரண்டு துண்டு, இருக்கும். குரோமில் ஒன்றுதான். முதல் ரேஞ்சை மட்டும் கேட்கும் கெட்ரேஞ்ச்அட் பூஜ்யம் என்று எழுதிவிட்டுப் போனால் இரண்டாவது சத்தமில்லாமல் தொலையும். கீழிருந்து மேலாக இழுப்பவர்களும் இருக்கிறார்கள். இதையெல்லாம் பார்த்து வைத்திருக்கும் கோடைத் தூக்கி எறிவானேன்?

மஞ்சள்கோடு:
ரேஞ்ச் எல்லாவற்றையும் சுற்றி வர ஒரு லூப், திசை பார்க்க நாலு வரி. இதற்கா ஒரு லைப்ரரி?

உண்மையிலேயே தலைவலி கொடுப்பது மூன்று சொடுக்கு. ஒரு பத்தியின் மேல் மூன்று முறை கிளிக் செய்தால் குரோமில் செலக்ஷனின் முடிவு அடுத்த பத்தியின் தொடக்கத்தில் போய் நிற்கும், ஆஃப்செட் (எத்தனை எழுத்து தள்ளி என்ற எண்) 0. ஃபயர்பாக்ஸில் அதே பத்தி உறுப்புக்குள்ளேயே தொடங்கி முடியும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஆனால் முதலாவதை அப்படியே சேமித்தால் "இரண்டு பத்திக்கான குறிப்பு" என்று பதிவாகிவிடும். ரேஞ்சி இந்த எல்லையைத் திருத்தித் தராது, பிரவுசர் சொன்னதையே கையில் கொடுக்கும். போதாததற்கு, செலக்ஷனைச் சேமித்து மீட்கப் பக்கத்துக்குள் ஸ்பான் என்ற உறுப்புகளைக் கண்ணுக்குத் தெரியாமல் செருகும். ஒரே டெக்ஸ்ட் நோடு (பக்கத்தில் உள்ள எழுத்துத் துண்டு) இரண்டாக உடையும். நாங்கள் இப்போது பக்கத்தைத் தானே கட்டிப் பராமரிக்கும் ரியாக்ட் லைப்ரரியில் இருக்கிறோம், அதன் கையில் உள்ள பக்க உறுப்புகளின் மரத்தை வெளியாள் வெட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மெய்யெழுத்து:
இரண்டு பேருமே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறீர்கள். நீங்கள் ஆஃப்செட்டைத்தானே சேமிக்கிறீர்கள்? "தமிழ்" நமக்கு மூன்று எழுத்து, ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு 5, இகரக் குறியையும் புள்ளியையும் தனியாக எண்ணும். அதுகூடப் போகட்டும். "கொ" இரண்டு விதமாக வரும்: க-வோடு ஒற்றை ஒகரக் குறி என்றால் 2, கொம்பும் காலும் தனித்தனியாக என்றால் 3. திரையில் வித்தியாசமே தெரியாது. எங்கள் தளத்தில் யாரோ ஒருநாள் நல்லெண்ணத்தில் எல்லா நூலையும் யூனிகோட் நார்மலைஸ் செய்தார், அதாவது இந்த இரண்டு விதத்தையும் ஒரே விதமாக்கினார். மறுநாள் மஞ்சளெல்லாம் ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்து, "கொண்டு" என்பதில் "ண்டு" மட்டும் மின்னியது. எந்த பிரவுசரும் குற்றவாளி இல்லை.

செலக்ட் செய்த வாசகத்தையும் அதற்கு முன்னும் பின்னும் கொஞ்சத்தையும் சேமியுங்கள். 2017இல் வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி வெளியிட்ட வெப் அனோடேஷன் தரத்தில் இந்த முறை இருக்கிறது. தேடும்போது இரு பக்கத்தையும் நார்மலைஸ் செய்துவிட்டு ஒப்பிடுங்கள்.

பழையகணக்கு:
சேமிப்பதில் நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். மஞ்சளடிப்பது?

மஞ்சள்கோடு:
கஸ்டம் ஹைலைட் ஏபிஐ, பிரவுசரிலேயே உள்ள வசதி. மரத்தைத் தொடாமலே நிறம் பூசும். குரோமில் 2022இல் வந்தது, சஃபாரியில் 2023, ஃபயர்பாக்ஸில் 2025.

பழையகணக்கு:
2025! உங்கள் வாசகர் எல்லாரும் போன வாரம்தான் போன் வாங்கினார்களா? இன்னொன்று, மஞ்சளைத் தொட்டால் குறிப்பு திறக்க வேண்டுமே. ஸ்பான் இருந்தால் அதில் கிளிக்கை மாட்டலாம். இதில் மாட்ட உறுப்பே கிடையாது.

மஞ்சள்கோடு:
தொட்ட புள்ளி எந்த எழுத்தில் விழுந்தது என்று பிரவுசரையே கேட்கலாம். கேரட்பொசிஷன்ஃப்ரம்பாயின்ட் இருக்கிறது. குரோமில் அது 2024இல்தான் வந்தது, பழைய பதிப்புகளுக்குக் கேரட்ரேஞ்ச்ஃப்ரம்பாயின்ட். நடுவில் ஒரு இஃப், அவ்வளவுதான்.

பழையகணக்கு:
சரி. மூன்று சொடுக்குக்கு ஒரு திருத்தம், இரண்டு ரேஞ்சுக்கு ஒரு லூப், திசைக்கு நாலு வரி, இப்போது இந்த இஃப். எல்லாவற்றையும் ஒரே கோப்பில்தானே வைப்பீர்கள்? கோப்புக்கு என்ன பெயர்?

மஞ்சள்கோடு:
செலக்ஷன்-உதவி.