மாவிளக்கு வெடிக்குது, பிள்ளைங்களுக்கு எப்படிப் பழக்குறது?

திருமங்கலம் வாசி:
மாசி சிவராத்திரிக்கு உசிலம்பட்டிப் பக்கம் குலசாமி கும்பிடப் போறோம். மாவிளக்கு இதுவரை பெரியவங்க கைப்பக்குவம், எழுதி வைக்கல. இந்த வருஷம் 12, 15 வயசுப் பிள்ளைங்க கையில விடுறதா முடிவு. ஒத்திகை பார்த்தப்ப விளக்கு வெடிச்சு நெய் தட்டுல ஒழுகிடுச்சு. அளவு சொல்லுங்க. வேற என்ன பழக்கணும்?

செக்கானூரணி அக்கா:
கடை மாவு போட்டீங்களா? அது காஞ்ச மாவு, வெடிக்கத்தான் செய்யும். பச்சரிசி அரைக் கிலோ, ரெண்டு மணி நேரம் ஊறவச்சு வடிச்சு, நிழல்ல வேட்டித்துணியில 20 நிமிஷம் பரப்புங்க. தொட்டா கையில ஒட்டக்கூடாது, கடிச்சா உள்ள ஈரம் தெரியணும். மிக்ஸியில கொஞ்சங் கொஞ்சமா அடிச்சுச் சலிங்க. உள்ளங்கையில பிடிச்சா கொழுக்கட்டையா நிக்கணும். மில் வேண்டாம், மிளகாய் வாசம் ஏறிடும்.

தட்டின மண்டவெல்லம் 300 கிராம், ஏலக்காய் நாலு. தண்ணி ஒரு சொட்டு கூடாது, வெல்லமே இளகிச் சேர்த்துக்கும். அந்த இளக்கத்துலயே இன்னொரு வினையும் இருக்கு: முன்னாடியே பிசைஞ்சு எடுத்துட்டுப் போனா வெல்லம் கசிஞ்சு, விளக்கு சரிஞ்சு உட்காந்துடும். மாவு தனி, வெல்லம் தனியாக் கொண்டுபோய் சாமி முன்னாடி பிசையணும். பிள்ளைங்களுக்கு அந்த வேலையைக் கொடுங்க.

மேலூரான்:
குழி கட்டைவிரல் ஆழம், ஓரம் ஒரு விரல் கனம். மாசிப் பனியில நெய் உறைஞ்சா திரி உறிஞ்சாது, கரிஞ்சே போகும். உருக்கின நெய்யில திரியைப் பத்து நிமிஷம் ஊறவச்சு, குழியில நிறுத்துங்க. ஊதி அணைக்கக் கூடாது, தானா மலையேறட்டும்.

பங்காளி:
மாவு ரெண்டு தடவை செஞ்சா கைக்கு வந்துடும். தொலையுறது சாமி பேரும் வரிசையும்தான். 21 பந்தித் தெய்வம் (ஒரே கோயில்ல சேர்த்துக் கும்பிடுற சாமிங்க) இருக்குற கோயில்ல முதல் விளக்கு யாருக்கு, எந்தச் சாமிக்குச் சைவப் படையல், எதுக்குக் கிடா, பூசாரி மாறினா குழம்பிடும். சோணை, ராக்காயி, சப்பாணின்னு பூசாரி சொல்லச் சொல்ல, பெரியவன் நோட்டுல எழுதட்டும். சின்னவன் ஒவ்வொரு சாமி முன்னாடியும் நின்னு படம் எடுக்கட்டும்.

பொம்பளப் பிள்ளைன்னு ஒதுக்காதீங்க. கோயில் வரி ஆம்பளத் தலைக்கட்டுக்கு, சரி. ஆனா நம்ம சாமிக்கு மாவு பிசையுறது பெரும்பாலும் வேற குலசாமி வீட்டுல பிறந்து வந்த மருமகதான்.

திருமங்கலம் வாசி:
கடை மாவுதான் அக்கா! ரேஷன் பச்சரிசி ஆகுமா?

செக்கானூரணி அக்கா:
ஆகும். கல் பொறுக்கிட்டு ரெண்டு தண்ணி கூடக் கழுவுங்க.