மறு: ‘ஃபேன்டம்’ – மாயவுருவா, பொய்த்திசுவா, பாவையா?

அனைவருக்கும் வணக்கம்.

நான்கு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டே இருந்தேன்; எழுத நேரம் வாய்க்கவில்லை. மருத்துவப் படக்கருவிகளைச் சோதிக்க உடலுக்குப் பதிலாக வைக்கும் ‘ஃபேன்டம்’ என்ற பொருளுக்கு நீங்கள் தமிழ்ப்பெயர் தேடிக்கொண்டிருந்தீர்கள்; அதே பொருளை நான் ஆய்வகத்தில் காய்ச்சிக்கொண்டிருந்தேன். இப்போதுதான் உறையவிட்டு வந்திருக்கிறேன்.

> ‘மாயவுரு’ என்று வைத்தால் முடிந்தது. அகராதியும் அதைத்தானே சொல்கிறது?

ஐயா, அகராதி சொல்வது பேய் பிசாசு வகையறாவுக்கு. என் மேசையில் இருப்பது அரைக்கிலோ எடை, தட்டினால் ஆடும், இரண்டு நாள் வெளியில் கிடந்தால் நாறும். இதில் மாயம் எதுவும் இல்லை. அந்தச் சொல்லின் கிரேக்க வேர் ‘தோன்றுவது’ என்று மட்டும்தான் பொருள்படும். பேய் பின்னால் வந்து ஏறிக்கொண்டது. அதையும் சேர்த்து நாம் தமிழுக்குள் இறக்கவேண்டியதில்லை.

பெயர் வைக்கும் முன்னால் பொருளை ஒருமுறை கிட்டப் பார்த்துவிடலாம். நூறு மில்லி தண்ணீர், ஒரு கிராம் அகர் (கடல்பாசியிலிருந்து எடுக்கும் உறைபொருள்). கொதிக்கவிட்டுக் கரைத்து, அறுபது பாகை அளவுக்கு ஆறியதும் இன்ட்ராலிப்பிட் ஐந்து மில்லி ஊற்றுகிறோம். வாயால் சாப்பிட முடியாத நோயாளிக்கு இரத்தக்குழாய் வழியாக ஏற்றுகிறார்களே, அந்தச் சோயா எண்ணெய்ப் பால்மம்தான். 20 விழுக்காட்டுப் புட்டியில் ஐந்து மில்லி எடுத்தால் கலவையில் கொழுப்பு ஏறத்தாழ 1 விழுக்காடு நிற்கும். அப்புறம் நீர்த்த கரி மை சில துளி. எண்ணெய்த் துளிகள் ஒளியைச் சிதறடிக்கும், மை ஒளியை உட்கவரும். அகருக்கு இரண்டையும் அசையாமல் பிடித்து வைப்பது மட்டுமே வேலை. இந்தக் கலவைக்குள் நுழையும் செவ்வொளி ஒரு மில்லிமீட்டர் போவதற்குள் தான் எந்தத் திசையில் வந்தது என்பதையே மறந்துவிடும். நம் சதைக்குள்ளும் கிட்டத்தட்ட அதுதான் நடக்கிறது.

ரம்ஜான் நோன்பு திறக்கும்போது கடல்பாசி சாப்பிட்டவர்கள் இதற்குள் சிரித்திருப்பீர்கள். பாலும் கடல்பாசியும் காய்ச்சித் தட்டில் ஊற்றித் துண்டு போடுகிறார்களே, அதில் சர்க்கரையை எடுத்துவிட்டு இரண்டு சொட்டு மை விட்டால் என் செய்முறை வந்துவிடும். பாலிலும் கொழுப்புத் துளிதான் சிதறடிக்கிறது. இன்ட்ராலிப்பிட்டுக்குப் பதில் பாலையே ஊற்றி வேலையை முடிக்கும் ஆய்வகங்களும் உண்டு. பாம்பன், மண்டபம் பக்கத்துப் பெண்கள் மூச்சடக்கி மூழ்கிப் பறித்து வரும் மரிக்கொழுந்துப் பாசி போன்றவற்றிலிருந்துதான் நம் ஊரில் அகர் எடுக்கிறார்கள்.

சரி, இதை எதற்குச் செய்கிறோம்? மார்பகத்தின் ஒரு பக்கம் அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி, வெளியே வருவதை அளந்து, உள்ளே எங்கே இரத்தம் கூடுதலாக இருக்கிறது என்று படம் போடும் கருவி இருக்கிறது. அது போடும் படம் சரியா என்று எப்படித் தெரியும்? உயிருள்ள உடலை அறுத்துப் பார்த்துச் சரிபார்க்க முடியாது. அதனால் விடை தெரிந்த கணக்கு ஒன்றைக் கருவிக்குக் கொடுக்கிறோம். மேலிருந்து 15 மி.மீ. ஆழத்தில், மை கொஞ்சம் கூடின சிறு உருண்டை ஒன்றை நாமே புதைத்துவிட்டு, ‘எங்கே, கண்டுபிடி பார்க்கலாம்’ என்கிறோம். சென்ற மாதம் நான் செய்ததில் கருவி இரண்டு உருண்டை காட்டியது. இரண்டு நாள் கணிநிரலைக் குடைந்தேன். கடைசியில் வெட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு காற்றுக்குமிழ். நான் அவசரத்தில் கலக்கியபோது புகுந்தது. கருவி சொன்னதுதான் சரி.

> ‘மாதிரித்திசு’ எளிமையாக இருக்கிறதே?

அக்கா, எளிமைதான், ஆனால் ‘மாதிரி’ நம்மிடம் ஏற்கெனவே இரண்டு வேலை பார்க்கிறது. நோயாளியிடம் வெட்டி எடுத்த துண்டும் மாதிரி, கணித வடிவில் எழுதுவதும் மாதிரி. ‘மாதிரித்திசுவில் அளந்தோம்’ என்று எழுதினால் படிக்கிற மருத்துவர் நிச்சயம் உயிர்த்திசுத் துண்டு என்றுதான் எடுத்துக்கொள்வார். நாம் சொல்லவருவது அதற்கு நேர் எதிர். ‘செயற்கைத் திசு’வும் இதே மாதிரி (பாருங்கள், மூன்றாவது வேலை!) சிக்கல்தான். உயிரணுக்களை வளர்த்துத் தோல் செய்கிறவர்கள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். ‘போலி’ என்றால் போலி மருத்துவர் நினைவுக்கு வருகிறார். ஏமாற்றுவது குற்றம் என்ற தொனி அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஏமாற்றுவதுதான் இங்கே வேலையே. ஆனால் ஏமாற வேண்டியது யார்? கன்று செத்துப்போனால் தோலை உரித்து வைக்கோல் திணித்துப் பசுவின் முன்னால் வைத்துக் கறப்பார்களே, தோற்கன்று, அதை நினைத்துப் பாருங்கள். நமக்கு அது வைக்கோல் மூட்டை. கால் சரியாக இராது, கண் இருக்கும் இடத்தில் துளை. பசுவுக்கு மட்டும் அது கன்று, ஏனென்றால் அது தேடும் வாசனை அதில் இருக்கிறது. நக்கிக்கொடுத்துப் பால் சுரக்கும். என் அகர்க்கட்டியும் அப்படித்தான். மனிதக் கண்ணுக்கு அது மார்பகம் போல இருக்கத் தேவையில்லை. கருவி எதைத் தேடுகிறதோ அது இருந்தால் போதும். அதே கட்டியை மீயொலிக் (அல்ட்ராசவுண்டு) கருவியின் கீழ் வைத்தால் எதிரொலி சரியாக வராது. அதற்கு ஒலியைச் சிதறடிக்கக் கிராஃபைட் தூள் கலக்க வேண்டும், ஒலி வேகமும் நொடிக்கு 1540 மீட்டர் அளவில் இருக்க வேண்டும். ஒரு கருவிக்குக் கன்று, இன்னொன்றுக்கு வைக்கோல்.

இதனால்தான் ‘உருவம்’, ‘வடிவம்’ என்று முடியும் எல்லாச் சொற்களையும் நான் ஒதுக்குகிறேன். உருவம் ஒத்துப்போவது இங்கே இரண்டாம் பட்சம்.

> ‘பொய்த்திசு’ – பொய்க்கனி, பொய்க்கால் போல.

முதல் இரண்டு நாள் நானும் இந்தக் கட்சிதான். தாவரவியல் பாடத்தில் பொய்க்கனி நன்றாக ஊன்றிவிட்ட சொல். இடறியது எங்கே என்றால், எல்லா ஃபேன்டமும் திசு இல்லை. சி.டி. கருவிக்குச் சோதனை வைக்கத் தண்ணீர் நிரப்பிய உருளையைத்தான் உள்ளே தள்ளுகிறார்கள். சி.டி. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் எண் கொடுக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவுகோலில் தண்ணீருக்கு 0, காற்றுக்கு −1000 என்று வந்தாக வேண்டும். அங்கே இருப்பது பொய்த் தண்ணீர் இல்லை, சுத்தமான தண்ணீர்தான். இன்னொன்று, 1974இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்து ஆய்வாளர்கள் ஷெப்பும் லோகனும் கொடுத்தது. பத்து நீள்வட்டங்களால் ஆன தலையின் குறுக்குவெட்டு, வெறும் எண்கள். வெட்டுவரைபடக் (டோமோகிராஃபி) கணிநிரல் எழுதும் யாரும் முதலில் அதில்தான் கைவைப்பார்கள். அதில் திசு ஏது?

இனி என் முன்மொழிவு: பாவை.

பாவை என்றால் ஒன்றின் இடத்தில் நிற்கச் செய்து வைத்த உரு. தோல்பாவைக் கூத்தில் மாட்டுத்தோலோ ஆட்டுத்தோலோ திரைக்குப் பின்னால் இராமனாகிறது. அங்கேயும் ஒளிக்கு முன்னால் நிற்கும்போதுதான் அதற்கு உயிர், கையில் எடுத்துப் பார்த்தால் வர்ணம் பூசிய தோல். கூட்டுச்சொல் கட்டியும் பார்த்தேன். நீர்ப்பாவை, பாசிப்பாவை, தலைப்பாவை, எண்பாவை (ஷெப்–லோகனுக்கு). உள்ளே குழாய் பதித்து இரத்தம் ஓடுவதுபோல் நீர்மம் ஓட்டுவதற்கு ஓட்டப்பாவை என்று சொல்லலாம். ‘பாசிப்பாவையில் 830 நானோமீட்டரில் அளந்தோம்’ என்று ஆய்வுக்கட்டுரை வாக்கியத்தில் வைத்தாலும் நாக்கு தடுக்கவில்லை.

> கண்ணின் துளைக்கும் பாவை என்றுதானே பாடப்புத்தகத்தில்? கண் மருத்துவ ஒளியியலில் குழப்பம் வராதா?

தம்பி, இது நியாயமான அடி. ‘கருமணியிற் பாவாய்நீ போதாயாம்’ என்று வள்ளுவரே அங்கே குடிவைத்துவிட்டார். எதிரே நிற்பவரின் குட்டி உரு கண்மணிக்குள் தெரிவதால் வந்த பெயர் அது. லத்தீனிலும் அதே கதை, கண்பாவைக்கான அவர்கள் சொல்லுக்குச் சின்னப் பொம்மை என்று பொருள். இரண்டு மொழியும் தனித்தனியாக அதையே பார்த்திருக்கின்றன. குழப்பம் வரும் இடம் ஒன்றுதான், விழித்திரைப் படக்கருவிக்குச் செய்யும் ஃபேன்டம். அங்கே துளையைக் ‘கண்பாவை’ என்றும், செய்பொருளை ‘விழித்திரைப்பாவை’ என்றும் முழுப்பெயராகவே எழுதுவோம். இலங்கை நண்பர்கள் துளையைக் கண்மணி என்றே சொல்வதால் அவர்களுக்கு இந்தத் தொல்லையும் குறைவு. ஒளியியலில் நம் ‘குறுக்கீட்டு விளைவு’ அவர்களுக்குத் ‘தலையீடு’, நம் ‘கட்டம்’ அவர்களுக்கு ‘அவத்தை’ என்று ஏற்கெனவே பிரிந்து கிடக்கிறோம். இந்தச் சொல்லையாவது ஒன்றாகத் தொடங்கினால் நல்லது.

கையோ காலோ இழந்தவர் அது இன்னும் இருப்பதாக உணர்வதையும் ஆங்கிலத்தில் இதே சொல்லால் குறிக்கிறார்கள். நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் கண்ணாடிப் பெட்டி வைத்து அந்த வலிக்கு வழி தேடினாரே, அது. அதற்கு ‘மாய உறுப்பு’ இருக்கட்டும். அங்கே மாயம் பொருந்துகிறது. ஆங்கிலம் ஒன்றாகக் கட்டியதை நாம் பிரித்து வைப்பதில் நட்டம் ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை சுவரொட்டிக்குப் படத்தலைப்பு எழுத வேண்டும். வேறு யாரும் தடுக்காவிட்டால் ‘பாசிப்பாவை’ என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் ‘ஃபேன்டம்’ சேர்த்துவிடுகிறேன். சிலிக்கோன் பிசினில் டைட்டானியம் டைஆக்சைடு கலந்து வார்க்கும் வகை ஒன்றும் இருக்கிறது, அது ஆண்டுக்கணக்கில் கெடாது. அதற்கு ‘வார்ப்புப்பாவை’ சரியா, ‘பிசின்பாவை’ சரியா? எனக்கு இரண்டும் முழுதாகப் பிடிக்கவில்லை.